அனர்த்தமும் பழக்கமும்: சிறுவரின் பற்சுகாதாரம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

இயற்கை அனர்த்தமொன்று நிகழ்ந்ததும் முதலில் வெளிவருவன எண்ணிக்கைகளே. இறந்தோர், காணாமற்போனோர், இடம்பெயர்ந்தோர், அழிந்த வீடுகள், உடைந்த வள்ளங்கள் என இழப்புகள் நிரற்படுத்தப்படுகின்றன. அந்நிரலில் இடம்பெறாத இழப்புகளும் உள. காலையில் எழுந்ததும் பல் துலக்கும் ஒரு சிறுபிள்ளையின் பழக்கம் அத்தகையது. அது அற்றுப்போன நாளை எவரும் குறித்து வைப்பதில்லை.

உயிரும் உறைவிடமும் போன இடத்திற் பல்லைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற வினா எழுதல் இயல்பே. அதனை நாம் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. 1995 சனவரி 17இல் யப்பானின் கோபே நகர்ப்பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,400இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். இடிபாடுகளிலிருந்து தப்பி, பின்னர் புகலிடங்களிலும் மருத்துவமனைகளிலும் உயிர்விட்டோருள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் நுரையீரல் அழற்சியினால் இறந்தனர். இவர்களுட் பெரும்பாலோர் முதியோர். குளிர், நெரிசல், களைப்பு ஆகியவற்றோடு, துப்புரவு செய்யப்படாத வாயிற் பெருகிய பற்றீரியாக்கள் மூச்சுவழி நுரையீரலை அடைந்தமையும் இதற்குக் காரணமாயிற்று என்பதை யப்பானிய மருத்துவர்கள் பின்னர் வலியுறுத்தினர். எனவே வாய்ச் சுகாதாரம் அழகு பற்றிய விடயமன்று. முதியோரிடத்து அது உயிர் பற்றியதாகலாம். சிறுவரிடத்து அதன் விளைவு மெதுவானது. ஆயின் ஆயுள் முழுவதும் தொடர்வது.

இலக்கியத்தையும் சமூகத்தையும் இணைத்து நோக்கும் ஆய்வுநெறியிற் பயின்ற எமக்கு இவ்விடயத்தில் உள்ள ஈடுபாடு மருத்துவம் சார்ந்ததன்று. 'பழக்கம்' என்ற சொல்லே எம்மை ஈர்த்தது. அச்சொல்லை நாம் பொதுவாக ஒழுக்கவியற் பொருளிலேயே ஆள்கிறோம். நல்ல பழக்கமுள்ள பிள்ளை, கெட்ட பழக்கமுள்ள பிள்ளை என்று கூறும்போது, பழக்கத்தின் தோற்றுவாய் அப்பிள்ளையின் உள்ளத்திலோ வளர்ப்பிலோ உள்ளதெனக் கொள்கிறோம். அனர்த்தம் இக்கருத்தைச் சோதனைக்குள்ளாக்குகிறது. ஒரே பிள்ளை, ஒரே தாய், ஒரே வளர்ப்பு. ஆயினும் ஒரு நாட் காலையோடு பழக்கம் அறுந்துவிடுகிறது. ஆகவே பழக்கம் உள்ளத்தின் மீது மாத்திரம் நிற்கவில்லை என்பது தெளிவு. அது எவற்றின் மீது நின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பல் துலக்குதலுக்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை, வைகறையில் எழுந்தவன் கோலினாற் பல்லைத் துப்புரவு செய்து, கண் கழுவி, தெய்வத்தைத் தொழுதல் வேண்டுமென விதிக்கின்றது. பெருவாயின் முள்ளியார் இயற்றிய இந்நூல் வடமொழி ஒழுக்க நூல்களின் மரபைத் தழுவியது என்பர். அங்கு பல் துலக்குதல் உடல்நலம் பற்றியது என்பதிலும் பார்க்க ஆசாரம் பற்றியது எனலே பொருந்தும். உயர்ந்தோரைப் பிறரிலிருந்து வேறுபடுத்தும் ஒழுக்கங்களுள் அதுவும் ஒன்று. அக்கோலை ஒடித்தவர் யார், கண் கழுவும் நீரைச் சுமந்து வந்தவர் யார் என்பன நூலின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஒழுக்கம் பேசப்படும்போது அதனைச் சாத்தியமாக்கும் உழைப்பு மறைந்துபோவது இங்கு மனங்கொளத்தக்கது.

ஆலையும் வேலையும் பல்லுக்கும், நாலடியாரையும் திருக்குறளையும் சொல்லுக்கும் இணைத்துக் கூறும் பழமொழியை நாம் யாவரும் அறிவோம். ஆலம்விழுதும் வேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் வேலியிலும் வெளியிலும் கிடைத்த காலத்தில் அவை விலைப்பண்டங்களல்ல. உமிக்கரி அடுப்படியிற் கிடைத்தது. உப்பு எல்லா வீட்டிலும் இருந்தது. ஒடித்தும் அரைத்தும் பயன்படுத்தக்கூடிய இப்பொருள்களைக் கொண்டே கிராமத்து மக்கள் 'பல்லுத் தீட்டினர்'. 1938இல் நைலோன் நார் கொண்ட தூரிகை சந்தைக்கு வந்தது. அதற்கு முன்னர் தூரிகைகளுக்குப் பன்றி மயிரே பெரிதும் பயன்பட்டது. நைலோன் தூரிகையும் குழாயில் அடைத்த பற்பசையும் உலகெங்கும் பரவியபோது, பல் துலக்கும் பழக்கம் முதன்முறையாக முழுமையாகச் சந்தையைச் சார்ந்ததாயிற்று.

இதனைக் கூறுவதன் மூலம் பழைமைக்குத் திரும்பவேண்டுமென நாம் வாதிடவில்லை. உமிக்கரியும் அடுப்புக்கரியும் பல்லின் மேலுறையான மிளிரியைத் தேய்ப்பன. புளோரைட்டுக் கலந்த பற்பசை சிறுவரின் பற்சூத்தையைக் குறைக்கின்றது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட உண்மை. முன்னேற்றம் முன்னேற்றமே. ஆயின் முதலாளித்துவம் அம்முன்னேற்றத்தைப் பண்டமாகவே தருகின்றது. கடை மூடப்படும்போதும், கையிற் காசு அற்றுப்போகும்போதும், பழக்கமும் நின்றுவிடுகிறது. பழைய பொருள்கள் நினைவிலிருந்து மங்கி, புதிய பொருள்கள் கைக்கெட்டாத நிலையே அனர்த்தத்தின் பின் எஞ்சுகிறது.

3

எமது நாட்டு அனுபவத்தை நோக்குவோம். 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுமாத்திராவுக்கு அப்பாலான கடலடி நிலநடுக்கத்தினால் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை முதலிலும், பின்னர் வடக்கு, தெற்கு, தென்மேற்குக் கரைகளையும் தாக்கியது. 35,000இற்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமற்போயோ விட்டனர். 5 இலட்சத்திற்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தனர். அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாடசாலைகள், கோயில்கள், பள்ளிவாசல்கள், தேவாலயங்கள், விகாரைகள் யாவும் முகாம்களாயின.

அம்முகாம்களில் ஒரு சிறுபிள்ளை மறுநாட் காலை பல் துலக்கவேண்டுமாயின் அதற்கு நான்கு விடயங்கள் தேவைப்பட்டன. அவை நீர், கருவி, இடம், அருகிருந்து பார்க்கும் ஒரு வளர்ந்தவர் என்பன. வீட்டில் இந்நான்கும் இருந்தமையாலேயே அவை கண்ணுக்குப் புலப்படவில்லை.

முதலாவது நீர். கிழக்குக் கரையோர மணற்பாங்கான நிலத்தில் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மீது ஒரு மெல்லிய படையாக மிதக்கின்றது. மக்களின் ஆழங்குறைந்த கிணறுகள் அப்படையிலிருந்தே நீர் பெற்றன. பேரலை அக்கிணறுகளைக் கடல்நீராலும் சேற்றாலும் நிரப்பியது. தூய்மையாக்கும் நோக்குடன் அவற்றை விரைவாகவும் மீண்டும் மீண்டும் இறைத்தபோது, அடியிலிருந்த உவர்நீர் மேலெழுந்து உப்புத்தன்மை நீடித்தது. பருவமழை நிலத்தைக் கழுவும்வரை காத்திருப்பதே பல இடங்களிற் சரியான வழியாக இருந்தது. இடைக்காலத்தில் மக்கள் தாங்கி வண்டிகளில் வந்த நீரையே நம்பினர். மனிதாபிமான உதவிக்கான பன்னாட்டு நியமங்கள் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆகக்குறைந்தது 15 லீற்றர் நீர் வேண்டுமென்கின்றன. அதில் ஒரு பிள்ளை பல் துலக்குவதற்கு வேண்டியது ஒரு குவளைக்கும் குறைவே. ஆயினும் வரிசையில் நின்று குடத்தில் எடுத்த நீரை அளந்து செலவிடும் குடும்பத்தில் அக்குவளை இறுதி இடத்தையே பெறும். இங்கு தட்டுப்பாடு நீரின் அளவில் மாத்திரமன்று. நீர்மீதான அதிகாரத்திலும் உள்ளது. கிணற்றில் தானே அள்ளியவள், இப்போது வண்டி வரும் நேரத்துக்குக் காத்திருக்கிறாள்.

இரண்டாவது கருவி. உதவிப் பொதிகள் குடும்பம் என்ற அலகைக் கொண்டே பங்கிடப்படுவது வழமை. பிள்ளைகளின் தொகைக்கேற்பச் சிறு தூரிகைகள் இல்லாதவிடத்து, ஒரே தூரிகை பல கைகளுக்கு மாறுகிறது. உமிழ்நீராலும் முரசிலிருந்து கசியும் குருதியாலும் தொற்றுகள் பரவக்கூடுமாதலால், இது துலக்காமல் விடுவதிலும் நல்லதென்று கூறுவதற்கில்லை.

மூன்றாவது இடம். வீட்டின் பின்புறத்தில், கிணற்றடியில், வாழையடியில் நின்று வாய் கொப்புளித்த பிள்ளை, நூற்றுக்கணக்கானோர் தங்கும் பாடசாலையில் எங்கே துப்புவது? மலசலகூடத்துக்கும் நீர்த்தாங்கிக்கும் வரிசை நிற்கும் முற்றத்தில், வளர்ந்துவரும் பெண்பிள்ளை எவர் பார்க்க நின்று முகம் கழுவுவது? தனிமை வசதியுள்ளோரின் ஆடம்பரமென எண்ணப்படுவதுண்டு. பழக்கங்கள் பல அத்தனிமையினுள்ளேயே வேர்கொண்டுள்ளன என்பது அது பறிபோனபோதே புலனாகிறது.

நான்காவது வளர்ந்தவர். ஏறத்தாழ 7 வயதுவரை பிள்ளையொன்று தன் பற்களைத் தானே செம்மையாகத் துலக்க இயலாது. பெரியவரின் கையும் கண்ணும் வேண்டும். அதாவது பிள்ளையின் பழக்கம் எனப்படுவதிற் பாதி, தாயின் உழைப்பாகும். இவ்வுழைப்புக்குக் கூலியில்லை, பெயருமில்லை. ஆழிப்பேரலையில் ஆண்களைவிடப் பெண்களும் சிறுவரும் முதியோருமே கூடிய விகிதத்தில் இறந்தனர் என்பது அம்பாறை மாவட்டத்தில் நடந்த ஆய்வினாலும் பிறவற்றாலும் அறியப்பட்டுள்ளது. எஞ்சிய பிள்ளைகள் பலர் தந்தையோடும் பேரரோடும் மாமியாரோடும் வாழ்ந்தனர். விடியுமுன் கடலுக்குப் போன, அல்லது கரைவலை இழுக்கச் சென்ற தந்தை, தன் பிள்ளையின் காலைப்பொழுதை முன்னர் கண்டவரல்லர். தாயை இழந்த பிள்ளையிடம் 'பல் துலக்கினாயா' என்று கேட்கும் குரலே அற்றுப்போயிற்று. பழக்கத்தின் இழப்பு இங்கு துயரத்தின் ஒரு வடிவமாகவே அமைகிறது. அதனைச் சோம்பல் என்று கண்டிப்பது அறியாமை மட்டுமன்று, கொடுமையுமாகும்.

4

துலக்காமை ஒருபுறமாக, உணவில் ஏற்படும் மாற்றத்தை மறுபுறம் வைத்து நோக்கவேண்டும். பற்சூத்தை உண்டாகும் முறை பின்வருமாறு: பல்லின்மீது படியும் படலத்தில் வாழும் பற்றீரியாக்கள் சீனியை உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. வாயின் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 5.5இற்குக் கீழே இறங்கும்போது மிளிரியிலுள்ள கனிப்பொருள்கள் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அவ்வமிலத்தைத் தணித்துக் கனிப்பொருள்களை மீளப் படிய வைக்கின்றது. அதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை செல்லும். ஆகவே எவ்வளவு சீனி உண்ணப்படுகிறது என்பதோடு, எத்தனை முறை உண்ணப்படுகிறது என்பதும் தீர்மானமானது. மணிக்கொரு தடவை பிஸ்கற் கடிக்கும் பிள்ளையின் உமிழ்நீருக்குத் தன் வேலையை முடிக்க அவகாசமில்லை.

அனர்த்தத்தின் பின்னான உணவு பெரிதும் சேமிக்கத்தக்க உலருணவாகும். அரிசி, பருப்பு, மா ஆகியவற்றோடு சீனியும் பங்கீட்டிற் சேர்கிறது. சமைக்க இயலாத முதல் நாள்களில் பிஸ்கற்றும் இனிப்பிட்ட பானங்களும் பசியாற்றுகின்றன. மீனும் கீரையும் தேங்காயும் கிடைத்த இடத்தில் இவை குவிகின்றன. மேலும், அழும் பிள்ளைக்கு இனிப்பைக் கொடுத்தல் எல்லாப் பண்பாட்டிலும் உள்ள அன்பின் மொழி. உதவ வந்தோரும் அம்மொழியையே பேசுகின்றனர். அவர்களது நல்லெண்ணத்தை நாம் குறைகூறவில்லை. ஆயினும் நல்லெண்ணம் அமிலத்தைத் தணிப்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு முரண்பாட்டைக் கவனித்தல் பயனுள்ளது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நோர்வே, யப்பான் முதலிய நாடுகளில் வாழ்க்கை நிலைமைகள் சீர்குலைந்தன. ஆயினும் அந்நாட்டுச் சிறுவரிடையே பற்சூத்தை கணிசமாகக் குறைந்தது. சீனி கிடையாமையே அதற்குத் தலையாய காரணம். போர் முடிந்து சீனி திரும்பியதும் சூத்தையும் திரும்பியது. எனவே பேரிடர் தன்னளவிற் பல்லைக் கெடுப்பதில்லை. பேரிடர் எத்தகைய உணவு வழங்கலோடு சேர்கிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. சீனி மலிவான, எளிதிற் கொண்டுசெல்லத்தக்க சக்தியாக உலகச் சந்தையிற் குவிந்துள்ள காலத்தின் அனர்த்தம் ஒன்று; அது கிடையாத காலத்தின் அனர்த்தம் பிறிதொன்று. பல் துலக்காத பிள்ளையை மாத்திரம் குற்றவாளியாக்கும் சுகாதாரப் பிரசாரம் இவ்வேறுபாட்டைக் காணத் தவறிவிடுகிறது.

காலத்தின் பரிமாணமும் இங்கு முக்கியமானது. டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவர்தம் துணைவரும் 1965இல் வெளியிட்ட ஆய்வில், நலமான முரசு கொண்டோர் தாமாக முன்வந்து பல் துலக்குதலை நிறுத்தினர். ஏறத்தாழ 10 முதல் 21 நாள்களுக்குள் அவர்கள் யாவர்க்கும் முரசழற்சி தோன்றியது. துலக்கத் தொடங்கியபின் சுமார் ஒரு வாரத்தில் அது நீங்கிற்று. முகாம் வாழ்வின் முதல் மூன்று வாரங்கள் இக்கால அளவினுள் அடங்குவதை நோக்குக. முரசின் கேடு இந்நிலையில் மீளத்தக்கது. ஆயின் சூத்தையாற் குழிவிழுந்த பல் மீளாது. 6 வயதளவில் முதலாவது நிலையான கடைவாய்ப்பல், பாற்பல் எதுவும் விழாத இடத்தில், பெற்றோர் அறியாமலே முளைக்கிறது. முளைத்த புதிதில் அதன் மிளிரி முதிர்ச்சியடையாததாகையால், முதல் ஓரிரு ஆண்டுகளே அதற்குப் பேராபத்தான காலம். முகாமிலும் தற்காலிகக் கொட்டிலிலும் அவ்விரண்டு ஆண்டுகளைக் கழித்த பிள்ளை, அக்காலத்தைத் தன் வாயில் ஆயுள் முழுவதும் சுமக்கக்கூடும்.

5

மேற்கூறிய லோவின் பெயர் எமது நாட்டோடு இன்னொரு வகையிலும் தொடர்புடையது. பல்லுக்குரிய பராமரிப்பு எதுவும் இன்றி வாழும் மக்களிடையே முரசு நோய் எவ்வாறு வளர்கிறது என்பதை அறிய அவர் ஆய்வுக்குழுவினர் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களைத் தெரிந்தெடுத்தனர். 480 தமிழ்த் தொழிலாளர், அனைவரும் ஆண்கள், 1970இல் ஏறத்தாழ 14 முதல் 31 வயதினர், 1985 வரை காலத்துக்குக் காலம் பரிசோதிக்கப்பட்டனர். ஒப்பீட்டுக்கு எடுக்கப்பட்டோர் பற்பராமரிப்பு முழுமையாகக் கிடைத்த ஒஸ்லோ நகரக் கல்விசார் இளைஞர். 1986இல் வெளியான முடிவின்படி, தோட்டத் தொழிலாளருள் 8 வீதத்தினரிடம் நோய் மிக விரைவாகவும், 81 வீதத்தினரிடம் மிதமாகவும் முற்றியது. 11 வீதத்தினரிடம் முரசழற்சிக்கு அப்பால் அது செல்லவில்லை. அவர்களிடையே பற்சூத்தை அரிதாகவே காணப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது.

பல்மருத்துவ உலகில் இவ்வாய்வு பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. அதன் அறிவியற் பெறுமதியை நாம் மறுக்கவில்லை. அந்நிலைமைகளை ஆய்வாளர் உருவாக்கவுமில்லை. ஆனால் அதன் தலைப்பிலே இடம்பெற்ற 'இயற்கை வரலாறு' என்ற தொடர் எம்மைச் சிந்திக்க வைக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டு, லயன் அறைகளில் பொதுக் குழாயடியை நம்பி வாழ்ந்து, நாட்கூலியிற் காலந்தள்ளிய ஒரு மக்கட் கூட்டத்தின் வாயில் நிகழ்ந்தது இயற்கையா? மருத்துவ நூல்கள் 'இயற்கை' என்று குறித்தது, தோட்டத்துறைப் பொருளாதாரத்தின் ஒரு விளைவேயாகும். சுவீடனின் விப்பெகொல்ம் மனநல நிலையத்தில் 1945 தொடக்கம் நடந்த பரிசோதனைகளில், சீனிக்கும் சூத்தைக்குமுள்ள உறவை நிறுவுவதற்காக, மறுத்துரைக்க இயலாத நோயாளருக்குப் பல்லில் ஒட்டும் இனிப்புகள் உணவுவேளைகளுக்கிடையே கொடுக்கப்பட்டன. இரண்டும் ஒரே தன்மையினவல்ல; ஒன்றில் தீங்கு விளைவிக்கப்பட்டது, மற்றையதில் முன்னரே உள்ள தீங்கு அளக்கப்பட்டது. ஆயினும் பற்களைப் பற்றி மனிதகுலம் பெற்ற அறிவிற் கணிசமான பகுதி, குரலற்றோரின் வாயிலிருந்தே பெறப்பட்டது என்பதை நாம் மறத்தல் கூடாது.

'இயற்கை வரலாறு' என்பதற்கும் 'இயற்கை அனர்த்தம்' என்பதற்கும் நெருங்கிய உறவு உண்டு. இரண்டிலும் 'இயற்கை' என்ற அடைமொழி சமூகத்தைத் திரையிட்டு மறைக்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயன் குடியிருப்புகளைப் புதைத்தது. மழை இயற்கையானது. சரியும் மலையின் கீழ், தமக்குச் சொந்தமில்லாத நிலத்தில், வேறு போக்கிடமின்றி மனிதர் குடியிருந்தமை இயற்கையானதன்று. தப்பியோரின் பிள்ளைகளுக்குப் 'பழைய நிலையை மீளமைத்தல்' என்ற சொற்றொடர் என்ன பொருளைத் தரும்? வீட்டுக்குள்ளே குழாயும், நாள்தோறும் பற்பசையும், ஓய்வுள்ள தாயும் முன்னரே இல்லாதவிடத்து எதனை மீளமைப்பது? கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் மலையேற வேண்டிய தாய்க்கு, பேரிடர் வராத நாளிலும் காலைப்பொழுது சொந்தமானதன்று. அனர்த்தத்தின் பின்னான நிலையை, முன்னிருந்த நிலையோடன்றி, இருந்திருக்க வேண்டிய நிலையோடு ஒப்பிடுதல் வேண்டும் என்பதே எமது கருத்து.

6

இவற்றிலிருந்து செயல் பற்றிய சில முடிவுகளைப் பெறலாம். இவை பெருஞ் செலவை வேண்டுவனவல்ல.

பழக்கத்தின் அலகு குடும்பமன்று, பிள்ளை. ஆதலின் உதவிப் பொதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சிறிய, மென்மையான தூரிகையொன்று, பெயரோ நிறமோ குறிக்கப்பட்டு இடம்பெறல் வேண்டும். புளோரைட்டுப் பசை 3 வயதுக்குட்பட்டோருக்கு ஓர் அரிசிமணி அளவும், 3 முதல் 6 வயதினருக்கு ஒரு பட்டாணி அளவும் போதும். துலக்கியபின் நுரையைத் துப்பினாற் போதுமானது. பலமுறை கொப்புளிக்கத் தேவையில்லை. இதனால் நீர் மிஞ்சுவதோடு புளோரைட்டும் பல்லில் தங்குகிறது. தூரிகை வந்து சேரும்வரை, துப்புரவான துணியை விரலிற் சுற்றித் துடைப்பதும், உண்டபின் நீரினாற் கொப்புளிப்பதும் முற்றாக விடுவதிலும் நன்று.

இனிப்புகளை மறுப்பதன்று, அவற்றை உணவு வேளையோடு சேர்த்துக் கொடுப்பதே நடைமுறைக்கேற்றது. படுக்கும் வேளையிற் பிள்ளையின் வாயில் இனிப்பூட்டிய பாற்போத்தல் இருத்தல் ஆகாது; உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும்.

கூடியவரை விரைவில் முகாமின் பாடசாலை தொடங்குதல் வேண்டும். தாயின் இடத்தை எவரும் நிரப்ப இயலாது. ஆயின் தாயின் உழைப்பிற் சிலவற்றைச் சமூகம் தன் தோளில் ஏற்க இயலும். வகுப்பு தொடங்குமுன் பிள்ளைகள் ஒருமித்து, ஒரு வாளி நீரைச் சுற்றி நின்று பல் துலக்கும் வழக்கம் அவ்வாறான ஒன்று. இலங்கையிற் பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை 1950களில் நியூசிலாந்தின் முன்மாதிரியைத் தழுவி உருவானது. இலவசக் கல்வி, இலவச மருத்துவம் என்னும் மக்கள் உரிமைகளின் ஒரு கிளையே அது. அனர்த்தக் காலத்தில் இச்சேவையைப் பின்னிற்கும் சேவையாகக் கருதாது, முகாமுக்குச் செல்லும் முதல் சேவைகளுள் ஒன்றாக ஆக்குதல் வேண்டும்.

ஒன்றை மாத்திரம் தவிர்க்க வேண்டும்: கண்டனம். தகரக் கொட்டிலின் முன் ஒட்டப்பட்ட சுவரொட்டியில் வெண்பற்களுடன் சிரிக்கும் நகரத்துப் பிள்ளையின் படம், நீர் வண்டிக்குக் காத்திருக்கும் தாய்க்கு எதனையும் கற்பிப்பதில்லை. அவள் அறியாதவளல்லள், இல்லாதவள்.

7

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாம் பாடசாலை மாணவராக இருந்தோம். கிழக்குக் கரையில் எமது வகுப்பறைகள் முகாமாகியிருந்தன. ஒரு காலை, நீர்த்தாங்கியின் அருகே 6, 7 வயதுள்ள சிறுமி ஒருத்தி, கையிற் சிறிது உப்பை வைத்துக்கொண்டு விரலால் தன் தம்பியின் பல்லைத் துலக்கிக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றான். அவள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். பத்துவரை எண்ணி, மறுபக்கம் திருப்பி, மீண்டும் பத்துவரை எண்ணினாள். அவ்வெண்ணிக்கை அவளுக்கு எவரால் கற்பிக்கப்பட்டது என்பதை நாம் அப்போது கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

அக்காட்சியை உள்ளவுறுதியின் சான்றாகப் போற்றி நின்றுவிடுதல் எளிது. நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. இறந்த ஒருத்தியின் உழைப்பை ஏறத்தாழ 7 வயதுப் பிள்ளையொன்று தன் கையில் ஏற்றுக்கொண்டது என்பதே அங்கு நாம் கண்டது. அப்பிள்ளையின் பல்லை யார் துலக்கினார்கள் என்ற வினா அப்போதும் எஞ்சியிருந்தது. அவ்வினாவுக்கு விடையளிப்பது தனிமனிதரின் கருணையன்று, ஒரு சமூகத்தின் அமைப்பாகும். அடுத்த வெள்ளமோ புயலோ மண்சரிவோ வரும் நாளில் எமது பிள்ளைகளின் பழக்கங்கள் எவற்றின் மீது நிற்கும் என்பது, பேரிடர் வராத இந்நாள்களில் நாம் எவற்றைக் கட்டியெழுப்புகிறோம் என்பதைப் பொறுத்ததே.